தட்டம்மை: உங்களைக் கவனிப்பவர்களுக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறதா?

தட்டம்மை குழந்தைகளின் நோய் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். மருத்துவமனையில் அது யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்று பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. காய்ச்சலுடன் வரும் குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவர், மருந்து கொடுக்கும் செவிலியர், நுழைவுச் சீட்டு எழுதும் பணியாளர், தரையைத் துடைக்கும் தூய்மைப் பணியாளர், பக்கத்துக் கட்டிலில் பேரனுக்குக் கஞ்சி ஊட்டும் பாட்டி ஆகிய அனைவரும் ஒரே காற்றையே சுவாசிக்கின்றனர். இவர்களில் எதிர்ப்பாற்றல் இல்லாத ஒருவருக்கு நோய் தொற்றினால், அவர் அதை அறிவதற்கு முன்பே அடுத்த கட்டிலுக்கும் அடுத்த வீட்டுக்கும் அது சென்றுவிடக்கூடும். மருத்துவப் பணியாளர்களின் எதிர்ப்பாற்றல் நோயாளிகளாகிய உங்களையும் உடனிருப்போரையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதையும், இதில் நீங்கள் செய்யக்கூடியவை எவை என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

தட்டம்மை எவ்வாறு பரவுகிறது?

தட்டம்மை வைரஸ் காற்றின் வழியே பரவுகிறது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நுண்துளிகள், அவர் அறையை விட்டுச் சென்ற பின்னரும் 2 மணி நேரம் வரை அங்கே தங்கியிருக்கலாம். எதிர்ப்பாற்றல் இல்லாத 10 பேர் நோயாளியுடன் நெருங்கிப் பழகினால், அவர்களில் 9 பேர் வரை நோய்வாய்ப்படுவர். எதிர்ப்பாற்றலே இல்லாத ஒரு சமூகத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை நோய் பெறுவர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவ்வளவு வேகமாகப் பரவும் நோய்கள் மிகச் சிலவே.

தொற்று ஏற்பட்டுச் சுமார் 10 நாட்களில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவை தொடங்கும். மேலும் சில நாட்கள் கழித்தே முகத்திலும் காதின் பின்புறத்திலும் சிவந்த தடிப்புகள் தோன்றி உடல் முழுவதும் இறங்கும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாட்கள் முன்பிருந்து, தோன்றிய பின் 4 நாட்கள் வரை நோயாளி பிறருக்கு நோயைப் பரப்புவார். அதாவது, சாதாரண சளிக் காய்ச்சல் என்று நினைத்துப் பணிக்கு வரும் ஒரு செவிலியர், தம் உடலில் ஒரு தடிப்புக்கூடத் தெரியாத நாட்களிலேயே வார்டு முழுவதற்கும் நோயைக் கொடுக்கக்கூடும்.

திருவண்ணாமலையில் பணிபுரிவதால் ஒரு கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் பல மாநிலங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் வருகின்றனரே, குழந்தையை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்கின்றனர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை திறந்த வெளி. அங்கே காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதைவிட நான் அதிகம் அஞ்சுவது, அந்த நாட்களில் நிரம்பி வழியும் பேருந்தையும், தங்கும் கூடங்களையும், அதற்கடுத்த வாரங்களில் காய்ச்சலோடு வருவோர் அமர்ந்திருக்கும் புறநோயாளிகள் காத்திருப்புக் கூடத்தையும்தான். தீபத்தன்று தொற்று பெற்ற ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்கும்போது அவர் தம் சொந்த ஊருக்குத் திரும்பியிருப்பார். அவர் முதலில் போய் அமரும் மூடிய இடம் பெரும்பாலும் ஒரு மருத்துவமனையாகவே இருக்கும்.

அக்கூடத்தில் ஆபத்துக்குள்ளாவது யார்?

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறு வாரக் குழந்தை, மூன்று மாதக் குழந்தை என்று கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வருவர். தட்டம்மைக்கான முதல் தவணை 9 மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது என்பதால், அக்குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து கருவறையில் பெற்ற எதிர்ப்பாற்றல் மட்டுமே காவல். அது பிறந்த சில மாதங்களிலேயே குறையத் தொடங்கிவிடும். தாய் தட்டம்மை வந்து குணமானவராக இருந்தால் குழந்தைக்குச் சற்று அதிகமாகவும், தடுப்பூசியால் மட்டும் எதிர்ப்பாற்றல் பெற்றவராக இருந்தால் சற்றுக் குறைவாகவும் அது கிடைக்கிறது. இன்றைய இளம் தாய்மார்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர்.

கைக்குழந்தைகளைத் தவிர, இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் சிறுவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் அக்கூடத்தில் இருக்கலாம். இவர்களுக்கு உயிருள்ள வைரஸைச் செயலிழக்கச் செய்யாமல் வலுக்குறைத்துத் தயாரிக்கப்படும் தட்டம்மைத் தடுப்பூசியைப் போட இயலாது. தாமே தம்மைக் காத்துக்கொள்ள வழியில்லாத இவர்களைச் சுற்றியிருப்போரின் எதிர்ப்பாற்றலே காக்க வேண்டும்.

தட்டம்மையால் நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, காதில் சீழ், பார்வையிழப்பு ஆகியவை நேரலாம். ஏறத்தாழ 1,000 நோயாளிகளில் ஒருவருக்கு மூளை அழற்சி ஏற்படுகிறது. நோய் குணமாகிப் பல ஆண்டுகள் கழிந்தபின், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த சிறுவன் படிப்படியாக நினைவும் நடையும் இழந்து இறக்கும் எஸ்.எஸ்.பி.இ. என்னும் மூளைநோய் அரிதாக வருகிறது. அதற்கு முழுமையான சிகிச்சை இல்லை. மேலும், தட்டம்மை வைரஸ் உடலில் முன்பே சேர்ந்திருக்கும் பிற நோய்களுக்கான எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியையும் அழித்துவிடுகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அம்மை இறங்கிய பின்னும் குழந்தை மாதக்கணக்கில் மாறி மாறி நோய்ப்படுவதாகப் பெற்றோர் சொல்வதற்கு அடிப்படை இருக்கிறது.

பிறந்த ஆண்டு ஏன் முக்கியம்?

மருத்துவம் பயின்றவர்களுக்கும் மருத்துவமனையிலேயே பணிபுரிபவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாமல் போகுமா என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் எந்த ஆண்டில் பிறந்தவர்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஒருமுறை தட்டம்மை வந்து குணமானவருக்கு வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றல் இருக்கும். இதை முதலில் தெளிவாகக் கண்டறிந்தவர் பீட்டர் பனும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர். வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1846-இல் தட்டம்மை பரவி, சுமார் 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் நோயுற்றனர். ஆனால் 1781-இல், அதாவது 65 ஆண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைநோயில் தட்டம்மை கண்டிருந்த முதியவர்களுக்கு அது மீண்டும் வரவில்லை. இந்தியாவில் 1985-இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி சேர்க்கப்படுவதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோர், சிறுவயதிலேயே நோய் கண்டு இவ்வகை எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள்.

1985 முதல் அரசு அளித்தது 9 மாதத்தில் ஒரே தவணை. அந்த வயதில் போடப்படும் ஒரு தவணை, 100 குழந்தைகளில் ஏறத்தாழ 85 பேரையே காக்கிறது. எஞ்சிய 15 பேருக்கு ஊசி போட்டும் எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. இது தடுப்பூசியின் தரக்குறைவு அன்று. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றலின் எச்சம் அந்த வயதில் தடுப்பூசியின் வேலையைச் சற்றுத் தடுத்துவிடுகிறது. இரண்டு தவணை போட்டால் 100-க்கு 97 பேர் வரை பாதுகாப்புப் பெறுவர். இரண்டாம் தவணை 2010-க்குப் பிறகே அரசுத் திட்டத்தில் இடம்பெற்றது. 2017 பிப்ரவரியில், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட அனைவருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. வாட்ஸ்அப் வதந்திகளால் பள்ளி வாசலில் பெற்றோர் தயங்கி நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். அம்முகாமால் பயன்பெற்றவர்கள் 2002-க்குப் பின் பிறந்தவர்களே.

இடைப்பட்டவர்களைப் பாருங்கள். 1985 முதல் 2001 வரை பிறந்தோரில் பலர் ஒரே தவணை பெற்றவர்கள். சிலர் அதையும் பெறாதவர்கள். அதே நேரம், தடுப்பூசியால் நோய் குறைந்துவந்ததால் இயற்கையாகத் தொற்றும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைந்தது. இன்று வார்டுகளில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள், முதுநிலை மாணவர்கள், ஆய்வக நுட்புநர்கள், 108 ஊர்திப் பணியாளர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்கள் ஆகியோரில் பெரும்பகுதியினர் இந்த வயதினர். நோயாளிக்கு மிக அருகில் நிற்போரிடமே இடைவெளி இருக்கிறது என்பதே என் கவலை.

அக்கரையில் நடந்தது இதற்கு எச்சரிக்கை. இலங்கையில் 2013, 2014 ஆண்டுகளில் தட்டம்மை பரவியபோது, தடுப்பூசி வயதை எட்டாத கைக்குழந்தைகளும் பெரியவர்களும் பெருமளவில் பாதிக்கப்பட்டனர். அந்நாடு அதன்பின் நோயை ஒழித்து 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் பெற்றது. 2023-இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. நம் நாட்டில் 2022-இன் இறுதியில் மும்பையின் நெரிசலான குடியிருப்புகளில் பரவிக் குழந்தைகளின் உயிரைப் பறித்தது.

"எனக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்துவிட்டது"

பணியாளர்களிடமும் உடனிருப்போரிடமும் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். எந்த அம்மை என்று அடுத்துக் கேட்டால் தெளிவான பதில் வருவதில்லை. தமிழில் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, புட்டாலம்மை ஆகிய அனைத்தையும் அம்மை என்ற ஒரே சொல்லால் வழங்குகிறோம். இவை வெவ்வேறு கிருமிகளால் வருபவை. நீர் கோத்த கொப்புளங்களாக வந்தது சின்னம்மை. கன்னத்தின் கீழே வீங்கியது புட்டாலம்மை. பொன்னுக்கு வீங்கி என்றும் சொல்வர். கொப்புளமின்றி, மணல் தூவியது போலச் சிவந்து பரவி, கண் சிவப்பும் இருமலும் சேர்ந்து வந்தது தட்டம்மை. மணல்வாரி என்றும் அதைச் சில ஊர்களில் சொல்வர். சின்னம்மை வந்தவருக்குத் தட்டம்மைக்கு எதிர்ப்பாற்றல் கிடையாது.

நான் 1980-களின் தொடக்கத்தில் பிறந்தவன். எனக்கு இரண்டு முறை அம்மை போட்டதாகவும், வேப்பிலை அரைத்துப் பூசியதாகவும் என் தாயார் சொல்வார். அவை எந்த அம்மைகள் என்று அவருக்குத் தெரியாது. எழுதி வைத்த தாளும் இல்லை. பணியில் சேர்ந்த ஆண்டுகளில் இதைப் பற்றி நான் எண்ணியும் பார்க்கவில்லை. பின்னர் ஒருநாள், தட்டம்மைக் குழந்தை ஒன்றைப் பரிசோதித்து முடித்துக் கைகழுவும்போது, அடுத்து வரவிருப்பது ஐந்து மாதக் குழந்தை என்று சீட்டில் பார்த்தேன். அந்த வாரமே எம்.எம்.ஆர். ஊசியின் முதல் தவணையையும், 28 நாட்கள் கழித்து இரண்டாம் தவணையையும் போட்டுக்கொண்டேன்.

எதிர்ப்பாற்றலுக்கு நம்பத்தக்க சான்று என்பவை மூன்று: இரண்டு தவணை போட்டதற்கான எழுத்துப் பதிவு, இரத்தத்தில் தட்டம்மைக்கான ஐ.ஜி.ஜி. எதிர்பொருள் இருப்பதைக் காட்டும் பரிசோதனை, அல்லது முன்பு வந்த நோய் தட்டம்மையே என்று ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட பதிவு. நினைவு சான்றாகாது. மூன்றும் இல்லாதவர் பரிசோதனைக்குக் காத்திராமல் நேரடியாக ஊசி போட்டுக்கொள்ளலாம். முன்பே எதிர்ப்பாற்றல் உள்ளவருக்குக் கூடுதல் தவணையால் தீங்கு நேர்வதில்லை. மருத்துவப் படிப்பிலும் பணியிலும் சேரும்போதே எதிர்ப்பாற்றலுக்கான சான்று கேட்பதை நாடுகள் பரிசீலிக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பரிந்துரைத்தது. நம் அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கருத்தில் கொண்டது, பெரியவர்களுக்கான எம்.எம்.ஆர். அதில் இல்லை. ஆகவே பணியாளர்கள் தாமே கேட்டுப் போட்டுக்கொள்வதே இன்றைய நடைமுறை.

ஊசி போட்ட ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் சிலருக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம். பெண்களில் சிலருக்கு மூட்டு வலி இருக்கலாம். இவை தாமே நீங்கும். கர்ப்பிணிகள் இவ்வூசியைப் போடக்கூடாது. போட்டுக்கொண்ட பெண்கள் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். பாலூட்டும் தாய்மார்கள் தயங்க வேண்டியதில்லை.

இரண்டு தவணை போட்டாலும் முகக்கவசம் வேண்டும். 2014-இல் நெதர்லாந்தில் தட்டம்மை கண்ட மருத்துவமனைப் பணியாளர்கள் எட்டுப் பேரில் ஆறு பேர் இரண்டு தவணையும் பெற்றவர்கள். நோயாளியிடம் மிக நெருங்கி, மீண்டும் மீண்டும் வைரஸைச் சந்திப்போருக்கு இது அரிதாக நேர்கிறது. இதனால்தான் உங்கள் குழந்தையின் அருகில் வருபவர் என்95 கவசம் அணிகிறார். அதைக் கண்டு உங்கள் குழந்தையை வெறுத்து ஒதுக்குவதாக எண்ண வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் சிவந்த தடிப்பும் இருந்தால், மருத்துவமனைக்கு வருமுன் தொலைபேசியில் தெரிவியுங்கள். உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம், 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். நேரில் வந்துவிட்டால், வரிசையில் நிற்காமல் வாசலிலேயே பணியாளரிடம் சொல்லுங்கள். நோயாளிக்கு முகக்கவசம் அணிவித்துத் தனி இடத்தில் அமர்த்துவார்கள். முன்னதாகப் பார்த்து அனுப்பும்படி கேட்பதை மற்றவர்கள் சலுகை என்று முணுமுணுக்கலாம்; அது அவர்களுடைய பாதுகாப்புக்கே.

அம்மை வந்த வீட்டின் வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதைக் கண்டவுடன் வெளியார் உள்ளே வருவதில்லை. தனிமைப்படுத்தும் அறிவிப்பாக அது நன்றாகவே பயன்பட்டிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதில்லை. ஆனால் அம்மன் வந்திருக்கிறாள் என்று மருத்துவமனைக்கே வராமல் இருப்பதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை உணவைக் குறைப்பதும் ஆபத்தானவை. குழந்தைக்கு வழக்கமான உணவும், தாய்ப்பாலும், போதிய நீரும் தேவை. வைட்டமின் ஏ இரண்டு நாட்கள் தொடர்ந்து கொடுக்கப்பட வேண்டும்: 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 50,000 அலகு, 6 முதல் 11 மாதம் வரை 1,00,000 அலகு, ஒரு வயதுக்கு மேல் 2,00,000 அலகு. இதை மருத்துவப் பணியாளரே கொடுக்க வேண்டும். அளவு மிகுந்தால் தீங்காகும் என்பதால் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, கண்ணில் வெண்மை தெரிந்தாலோ 108-ஐ அழையுங்கள். அழைக்கும்போதே தடிப்பு இருப்பதையும் சொல்லுங்கள்.

உடன் இருக்கப் போவது யார் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். மருத்துவமனையில் உடனிருப்பவர் பெரும்பாலும் செவிலியரை விட நெடுநேரம் நோயாளியின் அருகில் இருக்கிறார். எனவே அவருக்கும் இதே விதிகள் பொருந்தும். கர்ப்பமாக உள்ள அத்தையையோ, கைக்குழந்தையுடன் உள்ள சித்தியையோ தட்டம்மை வார்டுக்கு அனுப்பாதீர்கள். சிறுவயதில் மணல்வாரி வந்ததைத் தெளிவாக நினைவில் வைத்திருக்கும் பாட்டி, பதிவு இல்லாவிடினும் அவர்களைவிடப் பொருத்தமானவர்.

புற்றுநோய் மருந்து எடுக்கும் குழந்தையின் பெற்றோர், தம் குழந்தையைக் கவனிக்கும் பணியாளர்களுக்குத் தட்டம்மை எதிர்ப்பாற்றல் உண்டா என்று வார்டு பொறுப்புச் செவிலியரிடம் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. நல்ல பணியாளர் எவரும் அதைக் குற்றமாகக் கொள்ளமாட்டார்.

நோயாளி அருகில் இருந்துவிட்டால்

தட்டம்மை நோயாளியுடன் ஒரே அறையில் இருந்தது தெரியவந்தால் நேரம் முக்கியம். எதிர்ப்பாற்றல் இல்லாதவருக்கு 72 மணி நேரத்துக்குள் போடப்படும் தடுப்பூசி நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ உதவும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணி, நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர் ஆகியோருக்கு 6 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். 6 முதல் 9 மாதத்துக்கு இடைப்பட்ட குழந்தைக்கு முன்கூட்டியே ஊசி போடப்பட்டால், அது கணக்கில் சேராது. 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் உரிய இரண்டு தவணைகளையும் மீண்டும் போட வேண்டும்.

எதிர்ப்பாற்றல் இல்லாத பணியாளர் ஒருவர் இவ்வாறு நோயாளியின் அருகில் இருந்துவிட்டால், முதல் தொடர்பிலிருந்து 5-ஆம் நாள் முதல் கடைசித் தொடர்புக்குப் பின் 21-ஆம் நாள் வரை அவரை நோயாளிப் பணியிலிருந்து விலக்கி வைப்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி. உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் சில வாரங்கள் வராமல் வேறொருவர் வந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்கள் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வந்து, இரத்த மாதிரி எடுத்து, தடிப்புத் தோன்றுவதற்கு 4 நாட்கள் முன்பிருந்து நீங்கள் சென்ற இடங்களையும் சந்தித்தவர்களையும் கேட்பார். திருமண மண்டபம், பேருந்து, கோயில், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம் என்று எதையும் விடாமல் சொல்லுங்கள். அடுத்த புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும்போது குழந்தையின் தாய் சேய் நல அட்டையைக் கொண்டுவாருங்கள். பெற்றோராகிய உங்களுடைய பழைய தடுப்பூசி அட்டை வீட்டில் எங்கேனும் இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.